கட்டைவிரலே பூட்டு

ஹிகோனோகாமி என்ற ஜப்பானிய மடக்குக் கத்தியை முதன்முதலில் பார்த்தபோது, செய்யும் வேலையைப் பாதியில் விட்டுவிட்ட கத்தி என்றுதான் நினைத்தேன். ஜப்பானின் கோபே நகரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். எங்கள் அலுவலகத்தில், ஓய்வு வயதைத் தாண்டியும் வந்துகொண்டிருந்த வரைபடக்காரர் ஒருவர் பென்சில் சீவ மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுப்பார். மடித்து வளைத்த பித்தளைத் தகடு, அதற்குள் ஓர் அலகு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரே ஒரு ஆணி. ஸ்பிரிங் கிடையாது. "பூட்டு எங்கே?" என்று கேட்டேன். தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அலகின் அடியில் சின்ன வால் போல ஒரு நீட்டல் இருக்கும். ச்சிகிரி என்பார்கள். அதை விரலால் அழுத்திக்கொண்டிருக்கும் வரை கத்தி மடங்காது. ஹிகோனோகாமி என்றால் ஹிகோ நாட்டு ஆளுநர். பென்சில் சீவும் கத்திக்கு எவ்வளவு பெரிய பட்டம் பாருங்கள்! ஹிகோ என்பது ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷுவில் இன்றைய குமாமோட்டோ. ஆனால் கத்தி பிறந்தது கோபேக்குப் பக்கத்தில் உள்ள மிக்கி ஊரில், 1890களில். தொடக்கத்தில் கியூஷு பக்கம் நிறைய விற்றதால் அந்தப் பெயர் வந்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி மிக்கிக்கே போய்விட்டேன். ரம்பம், உளி, இழைப்புளி என்று ஊரே தச்சுக் கருவிகளால் பிழைக்கிறது. 1580இல் போர்த்தலைவர் ஹிதெயோஷியின் முற்றுகையில் கோட்டை விழுந்து ஊர் சிதைந்தது. அதைத் திரும்பக் கட்ட வந்த தச்சர்களோடு கொல்லர்களும் பெருகினார்கள் என்கிறார்கள். ஒரு காலத்தில் பல பட்டறைகள் இந்தக் கத்தியைச் செய்தன. இப்போது அந்தப் பெயரை முறையாகப் பொறிக்கும் உரிமை ஒரே ஒரு குடும்பப் பட்டறைக்குத்தான்.

நான் வாங்கியது நீலத்தாள் எஃகு. எஃகு நீலமல்ல, ஆலையில் சுற்றிவரும் தாளின் நிறம்தான் பெயராகிவிட்டது. நடுவில் அந்தக் கடின எஃகு, இருபுறமும் மென்மையான இரும்பு. சாணைக்கல்லில் தேய்த்தால் சீக்கிரம் பதம் ஏறும். அதே வேகத்தில் துருவும் ஏறும். ஆப்பிள் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் தூங்கிப்போனேன், காலையில் அலகில் சாம்பல் நிறத் திட்டுகள். அன்று வயிறு எரிந்தது. இப்போது அலகு முழுக்கக் கருநீலமாகிவிட்டது, புதுசைவிட இதுதான் எனக்கு அழகு. தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். கோபே குளிரில் அது உறைந்து தொலைக்கும், அது வேறு கதை.

காயம் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டும்போது விழும் அழுத்தம் அலகைத் திறந்த பக்கமே தள்ளும், பயமில்லை. நான் செய்தது அட்டைப்பெட்டியைக் குத்தியது. விரல் ச்சிகிரியை விட்டு நழுவியது, அலகு மடங்கியது. ஆள்காட்டி விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. மறுநாள் கட்டோடு போனபோது வரைபடக்காரர் சிரிக்கவில்லை. தன் இடது கையை நீட்டினார். அதே விரலில், அதே இடத்தில், எட்டு வயதில் பட்ட தழும்பு.

அவர் காலத்துப் பையன்கள் எல்லோர் பையிலும் இது இருந்ததாம். மூங்கிலைச் சீவிக் கையால் சுழற்றிப் பறக்கவிடும் 'தும்பி' பொம்மை செய்வார்களாம். 1960இல் ஜப்பான் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா மேடையிலேயே 17 வயதுப் பையனால் குத்திக் கொல்லப்பட்டார். அந்த ஆயுதம் குறுவாள், இந்தக் கத்தி அல்ல. ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் கிளம்பியது. பென்சில் சீவும் இயந்திரமும் வந்து சேர, பள்ளிப் பைகளிலிருந்து இது மறைந்தது.

ஜப்பானில் இருப்பவர்களுக்கு ஒன்று: பொதுவாக 6 செ.மீ.க்கு மேல் நீளமான அலகைத் தக்க காரணமில்லாமல் வெளியே எடுத்துச் செல்லக்கூடாது. அதைவிடச் சிறியதென்றாலும் கேள்வி வரும். 'பென்சில் சீவ' என்ற பதில் போலீஸ்காரரிடம் எடுபடுமா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. என்னுடையது மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது.