உதவி: ஏலத்தில் எடுத்த பழைய மின்சைக்கிள், பணம் கட்டுமுன் என்ன பார்க்க வேண்டும்?

செம்பவாங்_சைக்கிள்:
வணக்கம். இணைய ஏலத்தில் பழைய மின்சைக்கிள் ஒன்று 460 வெள்ளிக்கு எனக்கு விழுந்திருக்கிறது. இன்னும் பணம் கட்டவில்லை. மடக்கு வண்டி, 20 அங்குலச் சக்கரம், 36 வோல்ட் 10 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. விற்பவர் தனிநபர், சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம். விளம்பரத்தில் இருப்பது இது: "ஒரு சார்ஜுக்கு 50 கிலோமீட்டர், யூஎல்2272 சான்றிதழ், திராட்டில் உண்டு, நம்பர் பிளேட் உண்டு, தாராளமாக ரோட்டில் ஓட்டலாம்." முன்பணமாக 100 வெள்ளி பேநவ் (கைப்பேசி வழிப் பணமாற்று) செய்தால் சனிக்கிழமை வரை வைத்திருப்பதாகச் சொல்கிறார். ஈசூனிலிருந்து செனோக்கோவுக்கு வேலைக்குப் போய்வர வேண்டும். மல்டிமீட்டர் கையில் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

ஸ்பானர்_பத்து:
முன்பணம் வேண்டாம் தம்பி. பேநவ்வில் போன காசு போனதுதான், திரும்ப இழுக்க வழியில்லை. வண்டியை நேரில் பார்த்து, உரிமை மாற்றம் நடக்கும் அதே நேரத்தில்தான் பணம்.

விளம்பரத்திலேயே இரண்டு இடம் இடிக்கிறது. யூஎல்2272 என்பது மின்ஸ்கூட்டர் வகைகளுக்கான தீப் பாதுகாப்புத் தரம். மின்சைக்கிளுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் கேட்பது ஈஎன்15194. ஒன்று விற்பவருக்கு விவரம் தெரியவில்லை, இல்லையென்றால் வேறு விளம்பரத்திலிருந்து வரியை வெட்டி ஒட்டியிருக்கிறார். அடுத்தது திராட்டில், அதாவது கைப்பிடியில் இருக்கும் முடுக்கு விசை. இங்கே மின்சைக்கிள் மிதித்தால் மட்டும்தான் மோட்டார் உதவ வேண்டும். விசையைத் திருகினாலே ஓடுகிற வண்டி சட்டப்படி மின்சைக்கிளே இல்லை. நம்பர் பிளேட் தொங்கினாலும் அதுதான் நிலை.

வரம்புகள்: மோட்டாரின் தொடர் திறன் 250 வாட், உதவி நிற்க வேண்டிய வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், வண்டியின் எடை 20 கிலோவுக்குள். வண்டியின் சட்டகத்தில் (ஃபிரேம்) ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாத வண்டியைப் பதிவு செய்ய முடியாது. 2018 பிப்ரவரி முதல் பதிவில்லாத மின்சைக்கிளை ஓட்டுவது குற்றம், வண்டியையும் பறிமுதல் செய்வார்கள். வெளிநாட்டு ஏலத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் நேரே இறக்குகிறார்கள். கப்பல் செலவுக்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் கட்டிவிட்டு, முத்திரை இல்லாத வண்டியை வீட்டில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செம்பவாங்_சைக்கிள்:
நன்றி அண்ணே. திராட்டிலைக் கழற்றித் தருவதாகச் சொல்கிறார். அப்படியானால் சரிதானே?

ஸ்பானர்_பத்து:
கைப்பிடியிலிருந்து விசையை எடுப்பது ஐந்து நிமிட வேலை. உள்ளே வேறு என்ன மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஹேண்டில் பக்கம் வயர்க் கட்டில் கறுப்பு டேப் சுற்றியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று முனை கனெக்டர் ஒன்று சும்மா விடப்பட்டிருந்தால், திரும்ப மாட்டுவதற்காக வைத்த இடம் அது.

வேக வரம்பைத் தூக்கியிருக்கிறார்களா என்று ஓட்டாமலே பார்க்கலாம். பின்சக்கரத்தை உயர்த்திப் பிடித்து, கையால் பெடலைச் சுற்றுங்கள். மோட்டார் பிடித்துக்கொள்ளும். திரையில் 25 வந்ததும் உதவி நிற்க வேண்டும். பெடலை நிறுத்தினால் மோட்டாரும் உடனே அடங்க வேண்டும்.

ஆனால் திரை காட்டும் 25 உண்மையான 25 தானா என்பதையும் பாருங்கள். பல திரைகளில் பி06 என்ற அமைப்பில் சக்கர அளவும், பி08-இல் வேக வரம்பும் இருக்கும். 20 அங்குலச் சக்கரத்துக்கு பி06-இல் 16 என்று போட்டுவிட்டால், வண்டி குறைந்த வேகத்தில் ஓடுகிறது என்று கன்ட்ரோலர் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெட்டி) நினைத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் 25 × 20 ÷ 16, அதாவது 31.25 கிலோமீட்டரில்தான் உதவி நிற்கும். எண்ணெழுத்து திரைக்குத் திரை மாறும், ஆகவே அந்தத் திரையின் கையேட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். நீங்கள் ஓட்டிப் பார்ப்பதும் ஓட்டுவதுதான். 2022 ஜனவரி 1 முதல் கோட்பாட்டுத் தேர்வு தேறாதவர் மின்சைக்கிள் ஓட்டக் கூடாது, வயது 16 ஆகியிருக்க வேண்டும். தேர்வு எழுதிவிட்டீர்களா?

செம்பவாங்_சைக்கிள்:
தேர்வு முடித்துவிட்டேன். வயது பிரச்சினை இல்லை.

செல்_பேக்:
பழைய மின்சைக்கிளில் விலை உயர்ந்த பாகமும் ஆபத்தான பாகமும் பேட்டரிதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

36 வோல்ட் பேட்டரிப் பேக்கில் லித்தியம் செல்கள் பத்து வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், ஆக மொத்தம் 42. கிளம்புமுன் விற்பவரிடம் சொல்லி முழுச் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே இருக்கும்போது சார்ஜரை எடுக்கச் சொல்லி உடனே அளக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 42-இலிருந்து 41.5 பக்கம் வந்து நின்றால் இயல்பு. 40-ஐ நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு வரிசை சார்ஜைத் தாங்கவில்லை என்று பொருள். திரையில் ஐந்து கோடும் நிறைந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பழைய பேக்கிலும் சுமை இல்லாதபோது கோடு நிறைந்தே இருக்கும், மேடு ஏறும்போதுதான் சட்டென்று விழும்.

கொள்ளளவைச் சோதிக்க எளிய வழி, சுவர்ப் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர். 36 வோல்ட் 10 ஏஎச் என்றால் 360 வாட்-மணி. காலியான பேக்கை நிரப்பும்போது சார்ஜர் இழப்பையும் சேர்த்து 400-க்கு மேல் மீட்டர் காட்ட வேண்டும். 220 காட்டினால் பாதிக் கொள்ளளவுதான் மிச்சம். மீட்டர் இல்லாவிட்டால் நேரத்தைப் பாருங்கள். 2 ஆம்பியர் சார்ஜரில் காலிப் பேக் நிரம்ப ஐந்து மணிக்கு மேல் ஆகும். இரண்டு மணியில் பச்சை விளக்கு எரிந்தால் அது நல்ல பேக் என்று மகிழ வேண்டாம். அதில் கொள்ள இடமில்லை.

இவ்வளவையும் சோதிக்க விற்பவர் இடம் கொடுக்கவில்லை என்றால், பேட்டரி செத்தது என்றே வைத்து விலை பேசுங்கள். புதுப் பேக் அந்த வண்டிக்குக் கிடைக்கிறதா, என்ன விலை என்று முன்னாலேயே கடையில் கேட்டுவிட்டால், 460 வெள்ளி மலிவா இல்லையா என்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை பலர் தடுமாறுவது இங்கேதான். ஏலம் முடியும் நிமிடத்தில் வண்டி விலையை மட்டும் பார்க்கிறார்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியவை: உறை உப்பியிருக்கிறதா, ஸ்க்ரூத் தலைகள் தேய்ந்திருக்கிறதா (திறந்து செல் மாற்றியதன் தடம்), சார்ஜ் போர்ட்டில் பச்சைக் களிம்பு இருக்கிறதா. மூக்கை அருகில் கொண்டுபோனால் இனிப்பான கரைப்பான் வாடை அடித்தால், செல் கசிந்திருக்கிறது, தொடாமல் விலகுங்கள். சார்ஜர் லேபிளில் வெளியீடு 42 வோல்ட் என்று இருக்க வேண்டும். 54.6 வோல்ட் இருந்தால் அது 48 வோல்ட் பேக்குக்கானது, இதில் மாட்டவே கூடாது.

மழை_நாள்:
கிடங்கு சரக்கு ஏலத்துக்கு வரும்போது இன்னொரு பிரச்சினை உண்டு. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேக்கை அளந்தால் 22 வோல்ட் காட்டும், செல்லுக்கு 2.2. "சார்ஜ் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். அவ்வளவு கீழே இறங்கிய செல்லில் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். பாதுகாப்புச் சர்க்யூட் சார்ஜை மறுப்பது இதனால்தான். அதைத் தாண்டி நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுப்பும் வித்தையை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குள் செய்யாதீர்கள், வேறொருவர் அப்படி எழுப்பிய பேக்கையும் வாங்காதீர்கள். எந்தப் பழைய பேக்கானாலும் இரவில் தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். வாசல் வழியை மறித்து வைத்தும் போடாதீர்கள், தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான்.

ஸ்பானர்_பத்து:
இயந்திரப் பக்கம் சுருக்கமாக: மடக்கு மூட்டைப் பூட்டிவிட்டு முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், மூட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. பின்சக்கரக் கம்பிகளை ஜோடி ஜோடியாக அழுத்திப் பாருங்கள். மோட்டார் உள்ள சக்கரத்தில் முதலில் தளர்வது அவைதான். மோட்டாரில் அரைக்கும் சத்தம் வந்தால் உள்ளே நைலான் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். லக்கேஜ் தராசு கொண்டு போய் எடையும் போடுங்கள்.

பிறகு பதிவு. ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் விற்பவர் தம் சிங்பாஸில் (அரசு மின்னடையாளக் கணக்கு) நுழைந்து, பதிவு அவர் பெயரில் இருப்பதைக் காட்ட வேண்டும். பிளேட் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

செம்பவாங்_சைக்கிள்:
பார்த்துவிட்டு வந்தேன். சார்ஜரை எடுத்ததும் 41.8. ஒரு மணி நேரத்துக்குப் பின் 40.2. பி06-இல் 16 என்று இருந்தது. ஹேண்டிலில் டேப்புக்குள் மூன்று முனை கனெக்டர் இருந்தது. பிளேட் இருக்கிறது, ஆனால் ஆரஞ்சு முத்திரை இருந்த இடத்தில் சுரண்டிய பசை மட்டும் இருக்கிறது. பதிவைக் காட்டச் சொன்னால் வண்டி நண்பர் பெயரில் இருக்கிறது, அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். 300 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார்.

ஸ்பானர்_பத்து:
வேண்டாம். 100 வெள்ளிக்கும் வேண்டாம். முத்திரை போன வண்டி, பெயர் மாற்ற முடியாத பதிவு, மாற்றிய வேகம். பேட்டரி நன்றாக இருந்தாலும் இதை நீங்கள் சட்டப்படி ஓட்ட முடியாது. திருட்டு வண்டியாக இருக்கவும் வாய்ப்புண்டு.

செல்_பேக்:
ஒரு மணியில் 1.6 வோல்ட் இறங்கியது அதிகம். அந்தப் பேக்கை வீட்டில் வைக்கவே எனக்கு மனம் வராது.

செம்பவாங்_சைக்கிள்:
வாங்கவில்லை. ஆனால் ஏலத்தில் ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்களோ? நாளைக்குள் கட்டச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது.

மழை_நாள்:
தளத்தின் புகார்ப் பகுதியில் நீங்களே முதலில் எழுதுங்கள், கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். "விவரிப்புக்கு மாறான பொருள்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து இதைப் போல எழுதலாம்: "பதிவுள்ள, சாலையில் ஓட்டத்தக்க மின்சைக்கிள் என்று விளம்பரம் செய்யப்பட்டது. நேரில் பார்த்தபோது ஆரஞ்சு முத்திரை அகற்றப்பட்டிருந்தது, பதிவு விற்பவர் பெயரில் இல்லை, வேக வரம்பு மாற்றப்பட்டிருந்தது. ஆகவே கொள்முதலை ரத்து செய்யக் கோருகிறேன்." சுரண்டிய இடம், பிளேட், பி06 காட்டும் திரை ஆகியவற்றின் படங்களையும், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். விளம்பரத்தை அவர் அழிப்பதற்கு முன்னால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். விற்பவருடன் பேச்சுத் தளத்தின் அரட்டைக்குள்ளேயே இருக்கட்டும், வாட்ஸ்அப்புக்கு இழுத்தால் போகாதீர்கள். பணம் கேட்டு இணைப்பு ஏதாவது அனுப்பினால் திறக்காமல் மோசடித் தடுப்பு உதவி எண் 1799-இல் கேளுங்கள்.

ஸ்பானர்_பத்து:
அடுத்த முறை தேடும்போது பழைய வண்டி விற்கும் கடைகளையும் பாருங்கள் தம்பி. கடையில் வாங்கினால், 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த பழுதுப் பொருள் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லையென்று காட்ட வேண்டியது கடைக்காரர்தான். தனிநபர் விற்பனைக்கு அந்தச் சட்டம் கிடையாது. தனிநபர் ஏமாற்றினால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். ஆனால் அங்கே காட்டுவதற்கு விளம்பரமும் அரட்டையும் உங்கள் கையில் இருக்க வேண்டும். செனோக்கோ வழியில் நடைபாதை வரும் இடங்களில் மின்சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், சாலையில் ஹெல்மெட் கட்டாயம். அதையும் யோசித்து வழியைப் போட்டுப் பார்த்துவிட்டு வண்டி தேடுங்கள்.