லப்டொப் பழுதானபோது வொரண்டி கை கொடுத்ததா? யாழ்ப்பாணத்து அனுபவங்கள்

கொக்குவில்:
மகளுக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது, லப்டொப் எடுக்க வேண்டும். யாரைக் கேட்டாலும் புரோசசர், ரம் என்று தொடங்குகிறார்கள். பழுதானால் யார் பார்ப்பார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். முந்தியதில் திரையில் கோடு விழுந்தது. வொரண்டி இருந்தது, ஹொட்லைனுக்கு எடுத்தேன். தமிழுக்கு 3ஐ அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். பாட்டு ஓடியது. பிறகு ஒரு பிள்ளை எடுத்து "டிக்கக் இன்ன" என்றது, கொஞ்சம் பொறுங்கள் என்று சிங்களத்தில். திரும்பவும் பாட்டு. இன்னொருவர் வந்தார், அவரும் சிங்களம். கோடு நீளவாக்கில் விழுந்ததா, குறுக்கே விழுந்ததா என்று விளக்க எனக்குத் தெரிந்த சிங்களம் போதவில்லை. கடைசியில் திரையை மாற்றித் தந்தார்கள், அது வேறு கதை. ஆனால் அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் இப்பவும் எரிச்சல் வரும். எந்த பிராண்ட் எடுத்தால் யாழ்ப்பாணத்திலேயே ஒருவர் முகம் பார்த்துக் கதைப்பார்?

திருநெல்வேலி:
பிராண்டை விடுங்கள், கடையைப் பாருங்கள். ஸ்டான்லி வீதிப் பக்கம் ஒரு கடையில் எடுத்தேன், பெயர் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டது. "வொரண்டிதானே அண்ணை, கொழும்புக்கு அனுப்புவம்" என்று இரவு பஸ்ஸில் பார்சல் போட்டார்கள். திரும்பி வந்ததைத் திறந்தால் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் படம். நீலக் கேக், பின்னால் பலூன், முழுக் குடும்பமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. என் டிஸ்க் எங்கே? அதற்குள் என் ஆய்வறிக்கை. கடைக்காரர் கொழும்பைச் சொல்கிறார், கொழும்பு கடைக்காரரைச் சொல்கிறது. அந்தக் குடும்பத்தின் கையில் என்னுடைய படங்கள் இருக்குமோ என்பது இன்றைக்கும் மண்டையைக் குடைகிறது.

நல்லூர்:
தம்பி, கடைக்காரர் தலையில் எல்லாவற்றையும் போடாதீர்கள். நான் இந்தத் தொழிலில் நின்றவன். டேட்டாவுக்கு எந்தக் கம்பனியும் பொறுப்பு ஏற்காது, வொரண்டி நிபந்தனையிலேயே எழுதியிருக்கும். கொடுக்க முதல் கொப்பி எடுத்திருக்க வேண்டும். ஒரு அம்மா விசிறிச் சத்தம் என்று கொண்டுவந்தார், கழற்றினால் உள்ளே எறும்புக் கூடு, முட்டையோடு. அவர் "இதுக்கும் வொரண்டி இருக்கோ" என்று கேட்டதை மறக்கவே மாட்டேன்.

சரி, கொக்குவில் அக்காவுக்குச் சொல்கிறேன். ஒரே மொடல் இரண்டு வழியால் வருகிறது. ஒன்று உள்ளூர் ஏஜென்ட் இறக்குவது. மற்றது துபாய், சிங்கப்பூர் பக்கமிருந்து ஆட்கள் இறக்குவது. இரண்டாவது விலை குறைவு, ஆனால் அதற்குக் கடை வொரண்டிதான். கடை பூட்டினால் வொரண்டியும் பூட்டு. காசு கொடுக்க முதல் அடியில் இருக்கும் சீரியல் நம்பரைக் கம்பனியின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். டெல் என்றால் 7 எழுத்து சேர்விஸ் டாக், லெனோவோ, எச்பிக்கு சீரியல் நம்பர். வொரண்டி எப்போது முடிகிறது என்று அதுவே காட்டும். எந்த நாட்டுக்கு விற்றது என்றும் பல நேரம் தெரியும். 3 வருட வொரண்டி என்றாலும் பற்றரிக்குப் பெரும்பாலும் 1 வருடம்தான், பில்லில் தனியாக எழுதுவியுங்கள். பழுது வந்தால் போன் எடுக்க முதல் நீங்களே சோதித்துப் பாருங்கள். டெல்லில் தொடங்கும்போது F12 அழுத்தினால் வரும் பட்டியலில் டயக்னொஸ்டிக்ஸ், அதாவது பழுது பார்க்கும் சோதனை, இருக்கும். எச்பியில் F2. அது தரும் பிழை நம்பரை வாசித்தால் எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும், நீளமா குறுக்கா என்று நிற்கத் தேவையில்லை. தேத்தண்ணி ஊற்றியது, இடி மின்னலில் எரிந்தது எல்லாம் சாதாரண வொரண்டிக்குள் வராது. மின்சாரம் திடீரென ஏறினால் தடுக்கிற நல்ல சேர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாங்குங்கள்.

சாவகச்சேரி:
நல்லூர் அண்ணை சொன்னதைப் பார்த்தால் எங்கள் வீட்டு லப்டொப் மூன்றாவது வழி. பெரியண்ணா சுவிஸிலிருந்து கொண்டுவந்தது. முதல் நாளே பாஸ்வேர்ட் எடுபடவில்லை. அந்த நாட்டுக் கீபோர்ட்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும், எனக்கு எப்படித் தெரியும்? பார்க்காமல் அடிக்கிற ஆள் நான். பிறகு சார்ஜ் ஏறாமல் போனது. இங்குள்ள ஏஜென்ட்டைக் கேட்டால், "எங்கட சிஸ்டத்தில இது இல்லை தங்கச்சி." பிஸ்னஸ் மொடல் சிலவற்றுக்கு சர்வதேச வொரண்டி உண்டாம், எங்களுடையது வீட்டுப் பாவனை மொடல். அண்ணாவுக்கு இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ கோலில் "லப்டொப் எப்படிப் போகுது" என்று கேட்கிறார்.

அறிவியல் நகர்:
2022 பொருளாதார நெருக்கடி மறந்துபோச்சா? எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஏஜென்ட் ஸ்டிக்கர், பில், வொரண்டி, நல்ல பிராண்ட். மதர்போர்ட் போனது, மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். அந்த நேரம் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் 350ஐத் தாண்டிவிட்டது, சாமான் இறக்க வங்கி தரும் கடன் பத்திரமான எல்சி திறக்க ஆளில்லை. நேரில் போனேன். அங்கே நின்ற பெடியன் என் லப்டொப்பை மூடி திறந்தபடியே கொண்டுவந்து காட்டினான், போர்ட் இருந்த இடம் வெறும் பள்ளம். "போடுறதுக்குச் சாமான் இல்லை அண்ணை, எப்ப வரும் என்று எனக்கும் தெரியாது." அவனில் கோபப்படவும் முடியவில்லை. இறுதியாண்டு புரொஜெக்ட் முழுக்கக் கூட்டாளியின் லப்டொப்பில், அவன் நித்திரைக்குப் போன பிறகு. ஆகவே சேர்விஸ் சென்டரில் ஆள் இருப்பது வேறு, அவனிடம் சாமான் இருப்பது வேறு. கேட்பதென்றால் கடைசியாக விற்ற மொடலுக்குத் திரையும் போர்ட்டும் கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். அதிகம் விற்கிற மொடலாகப் பார்த்து எடுத்தால் கழற்றிய சாமானாவது கிடைக்கும்.

திருநெல்வேலி:
நல்லூர் அண்ணை, கொப்பி எடுத்திருக்க வேண்டும் என்பது சரி. சத்தம் போட்டுக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிற டிஸ்கிலிருந்து எப்படி எடுப்பது என்றும் சொல்லுங்கள். அதோடு நான் கேட்டது டேட்டாவை அல்ல, வேறு ஒருவரின் டிஸ்க் எப்படி எனக்கு வந்தது என்று.

பருத்தித்துறை:
பழுதான லப்டொப்பைக் கொண்டுபோனபோது எனக்கு வந்த பதில் "தண்ணி பட்டிருக்கு, வொரண்டி இல்லை." எங்கள் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம், கதவுப் பிணைச்சலே வருடா வருடம் கறள் பிடிக்கும். லப்டொப்பில் ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லை. சேர்விஸ்காரர் மேசையில் வைத்து மதர்போர்ட்டில் பச்சையாகப் பூத்திருந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினார், குற்றவாளிக்குச் சான்று காட்டுவதுபோல. நான் விடவில்லை. மறுப்பதை எழுத்தில் தாருங்கள், போர்ட்டைப் படம் எடுத்துத் தாருங்கள், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் கதைக்கப் போகிறேன் என்றேன். எழுதித் தருகிறோம் என்றவர்கள் எழுதவில்லை. பிறகு கூலி மட்டும் எடுத்துத் திருத்தித் தந்தார்கள்.

நல்லூர்:
உப்புக் காற்றில் வந்த துருவும் வொரண்டிக்குள் வராது தம்பி. உங்களுக்குச் செய்து தந்தது அவர்களின் பெரிய மனது.

பருத்தித்துறை:
அப்படியானால் வடமராட்சிக்கு விற்கும்போதே சொல்லட்டும் அண்ணை.