ப்ளூஸ் எல்பி சேர்க்கணும்: முதல்ல எந்தத் தட்டு, எந்தப் பதிப்பு?

பாளை_33

அண்ணாச்சிமாரே, ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு வகை), ப்ளூஸ்-ராக் ரெண்டையும் எல்பியா (33⅓ சுத்துற பெரிய தட்டு) சேர்க்கலாம்னு இருக்கேன். மொதல்ல எட்டு, பத்து தட்டு போதும். ஜங்ஷன், டவுன் பக்கம் பழைய கடையில கெடைக்கது எல்லாம் சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும்தான், அதனால பார்சல்லதான் வரவழைக்கணும். அசல் பதிப்புக்குக் காசு போடலாமா, மறுபதிப்பு போதுமா? மோனோவா (ஒத்தைச் சேனல்) ஸ்டீரியோவா (இடம், வலம்னு ரெண்டு சேனல்)? டர்ன்டேபிள்ல ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டுற பாகம்) மாட்டியிருக்கு. நம்ம ஊரு வெயில்ல தட்டை எப்படி வைக்கதுன்னும் சொல்லுங்க.

மணியாச்சி_மோனோ

தம்பி, ப்ளூஸ் தட்டு போட்ட செஸ் கம்பெனியோட அசல் பதிப்பை இப்ப தொடாதீங்க. விலை யானை விலை. அதுலயும் பாதி தட்டு அந்தக் காலத்துக் கனத்த ஊசியில தேஞ்சு போனது. காடி (ஊசி ஓடுற பள்ளம்) தேஞ்சு போச்சுன்னா எந்தக் கழுவலுக்கும் சரியாகாது. நல்லா மாஸ்டர் பண்ணின மறுபதிப்பு வாங்கினா நிம்மதியா கேக்கலாம்.

மோனோவா ஸ்டீரியோவாங்கதுக்கு ஒரே பதில் கெடையாது. எப்படிப் பதிவு பண்ணுனாங்களோ அப்படி வாங்கணும். மடி வாட்டர்ஸோட 'பெஸ்ட் ஆஃப்' (1958), ஹவ்லின் வுல்ஃபோட 'மோனின் இன் த மூன்லைட்' (1959), அட்டையில ஆடுநாற்காலி படம் போட்ட அவரோட 1962 தட்டு, இதெல்லாம் மோனோ. பிற்காலத்துல இந்த மாதிரி தட்டுகளை 'எலக்ட்ரானிக்கலி ரீசேனல்டு ஃபார் ஸ்டீரியோ'ன்னு அட்டையில போட்டு வித்தாங்க. ஒரே ஒலியை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் கனத்த ஸ்வரத்தையும் மறுபக்கம் கீச்சு ஸ்வரத்தையும் தூக்கி, கொஞ்சம் எக்கோவும் சேத்துக் குடுத்தது. குரல் கெணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கும். அந்த வாசகம் இருந்தா சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

மோனோ தட்டை உங்க ஸ்டீரியோ ஊசியிலயே போடலாம். ஆம்பில மோனோ பொத்தான் இருந்தா அமுக்கிக்கிடுங்க. காடியில இருக்க தூசி ஊசியை மேலயும் கீழயும் ஆட்டும். மோனோப் பாட்டு இட வலமாத்தான் இருக்கு. ரெண்டு சேனலையும் சேத்தா அந்த மேல்கீழ் சத்தம் அடிபட்டுப் போகும். படபடங்கற இரைச்சல் பாதியாக் கொறையும். ஆனா பழைய மோனோ கார்ட்ரிட்ஜ்ல ஸ்டீரியோ தட்டைப் போட்டுராதீங்க. மேல்கீழ அசையத் தெரியாத ஊசி காடியை உழுதுரும்.

எடுக்க வேண்டியது:

ராபர்ட் ஜான்சனோட 'கிங் ஆஃப் த டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ்', கொலம்பியா, 1961. 1936லயும் 1937லயும் டெக்சாஸ்ல பதிவு பண்ணின 78 சுழற்சிப் பாட்டுகளை எல்பி ஆக்கினது. அடியில இரைச்சல் இருக்கத்தான் செய்யும். தட்டு கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பாதீங்க.

மடி வாட்டர்ஸ் 'ஃபோக் சிங்கர்' (1964). அக்கூஸ்டிக் கித்தார் (மின்சாரம் இல்லாதது), கூடவே கித்தார்ல பட்டி கை, பேஸ்ல வில்லி டிக்சன். ரொம்ப அமைதியான பதிவு, அதனால ஒரு கீறல் இருந்தாலும் காது குத்தும். இதுக்கு மட்டும் பழைய தட்டோட தரக் குறியீட்டுல வி.ஜி. பிளஸ்ஸுக்குக் (ரொம்ப நல்லதுக்கு ஒரு படி மேல) கீழ எறங்காதீங்க. நியர் மின்ட் (கிட்டத்தட்ட புதுசு) கெடைச்சா இன்னும் நல்லது. ஹவ்லின் வுல்ஃபுக்கு அவ்வளவு பாக்க வேண்டாம், அந்தக் குரலே கீறலை முழுங்கிரும்.

பி.பி. கிங் 'லைவ் அட் த ரீகல்' (1965). கூட்டத்தோட கூச்சலும் அந்தக் கித்தாரோட பதிலும் இதுல மாதிரி வேற எதுலயும் இல்ல. ஜூனியர் வெல்ஸோட 'ஹூடூ மேன் ப்ளூஸ்', டெல்மார்க், அதே வருசம். இதுல சில பாட்டுல கித்தார் ஒலி சுத்திச் சுத்தி அலையடிக்கும். தட்டு வளைஞ்சு போச்சோன்னு நெனைப்பீங்க. பட்டி கையோட ஆம்ப் பழுதாகி, ஹம்மண்ட் ஆர்கனோட இருந்த லெஸ்லி ஸ்பீக்கர் (ஒலியைச் சுழட்டி விடுற பெட்டி) வழியா வாசிச்சதுதான் அது.

கடையநல்லூர்_ஸ்லைடு

அண்ணாச்சி ராக் பக்கமே வரலை, வரவும் மாட்டாங்க. நான் சொல்லுதேன்.

ஜான் மேயால் 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ் வித் எரிக் கிளாப்டன்' (டெக்கா, 1966). இதுக்கு மோனோதான். எல்கே 4804னு எண் போட்டது அசல். மறுபதிப்புலயும் மோனோ கலவையான்னு கேட்டு வாங்குங்க. லெஸ் பால் கித்தாரும் மார்ஷல் ஆம்பும் சேந்து நேரா நெஞ்சுல அடிக்கும். ஆல்பர்ட் கிங் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' (ஸ்டாக்ஸ், 1967) கூடவே இருக்கணும், கிளாப்டனெல்லாம் யாருகிட்ட படிச்சாங்கன்னு தெரியும்.

ஆல்மன் பிரதர்ஸ் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' (1971) ரெட்டைத் தட்டு. நாலாவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு, சுமார் 23 நிமிசம். உங்க கார்ட்ரிட்ஜைக் கோணாம நேரா மாட்டலைன்னா இங்கதான் குட்டு வெளிப்படும். வெளி விளிம்புல காடி விநாடிக்கு அரை மீட்டர் ஓடுது; லேபில் பக்கத்துல 21 செ.மீ.தான். அதே ஒலியைக் குறுகின எடத்துல அடைச்சிருக்கதால ஊசி கொஞ்சம் கோணினாலும் சிம்பல் 'ஸ்ஸ்'னு கிழியும். ரெண்டு புள்ளி புரோட்ராக்டரை (கார்ட்ரிட்ஜ் கோணம் பாக்குற கோடு போட்ட தாள்) அச்செடுத்து (100 சதவீத அளவுலதான் எடுக்கணும், ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க) ரெண்டு புள்ளியிலயும் கார்ட்ரிட்ஜ் ஓரம் கோட்டுக்கு இணையா நிக்க வைங்க. ஊசி தட்டுல அழுத்துற எடை 2.0 கிராம். 1.8க்குக் கீழ போனா தட்டு மிஞ்சும்னு நெனைக்காதீங்க, ஊசி துள்ளித்தான் காடி கெடும். அப்பவும் கிழிஞ்சா அதே வரிசையில இன்னும் நுணுக்கமான விஎம்95எம்எல் ஊசியை மட்டும் வாங்கி அதே உடம்புல மாட்டலாம்.

ஜானி வின்டர் 'செகண்ட் வின்டர்' (1969): ரெட்டைத் தட்டுல நாலாவது பக்கம் வெறுமனே இருக்கும். அது அப்படித்தான், கடைக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க. ஸ்டீவி ரே வான் 'டெக்சாஸ் ஃப்ளட்' (1983) சுளுவா கெடைக்கும், மறுபதிப்பே தாராளம்.

தென்காசி_சாரல்

பராமரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விற்பவரிடம் தட்டை அட்டைக்கு வெளியே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் பார்சல் விழும்போது தட்டின் விளிம்பு அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். கத்திரி வெயிலில் வந்த பார்சலை உடனே பிரித்துப் போட வேண்டாம், நிழலில் ஆறட்டும். கதவடைத்த காரில் மதியம் விட்டால் தட்டு அப்பளம்தான். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மேற்குச் சுவரை ஒட்டியும் அலமாரி வேண்டாம். தட்டுகளை நட்டக்குத்தலாக நிறுத்துங்கள். சாய்ந்து நின்றாலும் வளையும்.

பளபளவென்று இருக்கும் பி.வி.சி. உறையை வாங்காதீர்கள். அதிலுள்ள மென்மையாக்கி சூட்டில் கசிந்து தட்டின் மேல் பனிபோலப் படிந்துவிடும், பிறகு போகாது. பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறைதான் சரி. எங்கள் பக்கம் சாரல் காலத்திலும், தூத்துக்குடிப் பக்கம் ஆண்டு முழுவதும், காகித உள்ளுறையில் பூஞ்சை பிடிக்கும். வந்த பழைய தட்டைக் கழுவி, புது உள்ளுறை போட்டு, பழைய காகித உறையைத் தனியே வையுங்கள். உள்ளுறையில் பூஞ்சை இருந்தால் அடுத்த தட்டுக்கும் தாவும்.

கழுவ: ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், 150 மி.லி. ஐசோபுரொபைல் ஆல்கஹால், மணமில்லாத திரவ சோப்பு இரண்டு சொட்டு. காடியின் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிறுத்திக் காயவிடுங்கள். லேபிலில் ஈரம் படக்கூடாது. தண்ணீர் பேட்டரிக் கடையில் கிடைக்கும். ஆனால் ஆசிட் கேனைத் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள், பெயரைப் படித்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு காடிக்குள் காய்ந்து உட்காரும். 78 சுழற்சித் தட்டு என்றால் இந்தக் கலவை ஆகவே ஆகாது. அது அரக்கில் செய்தது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

பாளை_33

ரொம்ப நன்றி. இன்னொண்ணு: மச்சான் அமெரிக்காவுலருந்து பழைய பெல்ட் டர்ன்டேபிள் ஒண்ணு கொண்டாறேங்கான். 110 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் (வோல்ட்டைக் கொறைக்குறது) போட்டா ஓடுமா?

மணியாச்சி_மோனோ

ஓடும், ஆனா மெதுவா ஓடும். அங்க 60 ஹெர்ட்ஸ், இங்க 50. ஏசி சிங்க்ரனஸ் மோட்டார்னா (ஹெர்ட்ஸுக்குத் தக்கபடி சுத்துறது) டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. 33⅓ சுத்த வேண்டியது 27.8 சுத்தும், பாட்டு சுமார் மூணு அரைஸ்வரம் (செமிடோன்) எறங்கிரும். மோட்டார் வகையை மொதல்ல கேளுங்க. டிசி மோட்டார், இல்ல குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ்னா பிரச்சினை இல்ல. ஏசின்னா அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கெடைக்குதான்னு பாத்துட்டு, அதையும் சேத்துக் கொண்டாரச் சொல்லுங்க.