பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க பயோஸுக்குள் போன அனுபவம்

அச்சுக்கூடத்தான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் கட்டுகிறேன். கலியாணக் காட், சாமத்திய வீட்டுக் காட், கல்வெட்டு இவைதான் அன்றாட வேலை. வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: 31ஆம் நாள் அந்தியேட்டியன்று இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் சேர்த்து அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் இங்கே கல்வெட்டு என்கிறோம்.

போன மாதம் கனடாவிலிருந்து வந்த ஒரு அம்மா கடைக்கு வந்தார். 2003இல் அவருடைய தகப்பனின் கல்வெட்டை எங்களிடம்தான் அடித்தார்களாம். கையில் ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. இப்போது தாயும் தவறிவிட்டார். தாயின் கல்வெட்டில் பழைய வம்சாவளியும் வர வேண்டும் என்பது அவர் ஆசை. "தம்பி, உங்கடை கொம்பியூட்டரிலை இன்னும் கிடக்குமோ?" என்று கேட்டார்.

கிடந்தது. எங்கள் முதலாளி எதையும் அழிக்க விடமாட்டார். ஆண்டு வாரியாக சீடியில் எழுதி, பிஸ்கற் ரின்னில் அடுக்கி வைத்திருக்கிறார். ஆனால் அது பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 6.5இன் கோப்பு. அதைத் திறந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் மதர்போட் இரண்டு வருடத்துக்கு முன்பே எரிந்துவிட்டது. இப்போது இருப்பது 64 பிட் விண்டோஸ் 10. அதில் பேஜ்மேக்கர் சீடியைப் போட்டால் நிறுவல் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு ஆத்திரத்தில் கோப்பை நோட்பாட்டில் திறந்து பார்த்தேன். குப்பைக் குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, பிறகு கே, எச். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகிய கண்ணுக்கு இது உடனே விளங்கும். அம்மா. அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நெஞ்சடைத்தது. சொற்கள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் படமும் வம்சாவளி மரமும் வைத்த இடத்தில் வைத்தபடி வர வேண்டும் என்றால் பேஜ்மேக்கரே வேண்டும்.

சரி, கணினிக்குள் ஒரு எக்ஸ்பி கணினியை ஓட்டுவோம் என்று வேர்ச்சுவல்பொக்ஸை இறக்கினேன். கடையில் பழைய எக்ஸ்பி சீடி இருந்தது. 512 எம்பி நினைவகம் கொடுத்து 'ஸ்டார்ட்' தட்டினால், விடி-எக்ஸ் பயோஸில் (விண்டோஸுக்கு முன் கணினியை எழுப்பும் அடிப்படை அமைப்பில்) அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பிழைச் செய்தி. எனக்குக் குழப்பம். பல வருடத்துக்கு முன் வேறொரு கணினியில் இதே வேர்ச்சுவல்பொக்ஸில் எக்ஸ்பி ஓட்டியிருக்கிறேன், அப்போது இப்படி ஒன்றும் கேட்கவில்லை. தேடி வாசித்த பிறகுதான் தெரிந்தது: முந்திய பதிப்புகள் 32 பிட் விண்டோஸை வெறும் மென்பொருளாலேயே சமாளித்து ஓட்டின. 2019 டிசம்பரில் வந்த 6.1இலிருந்து அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது சிப்பின் உதவி (பொதுப்பெயர் வேர்ச்சுவலைசேஷன், இன்டெலில் விடி-எக்ஸ்) கட்டாயம். அந்த வசதியை இன்டெல் 2005 நவம்பரிலும் ஏஎம்டி 2006 மே மாதத்திலும் தங்கள் சிப்களில் கொண்டுவந்தன. ஆகவே பெரும்பாலும் சிப்பில் இருக்கும், ஆனால் பயோஸில் மூடிக் கிடக்கலாம். என் கணினியில் அப்படித்தான்.

பயோஸுக்குள் போவதே முதலில் பெரும்பாடு. விண்டோஸ் வேகமாக எழும்புவதால் விசையைத் தட்ட நேரம் கிடைக்காது. ஷிஃப்ட் விசையை அமத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் வரும் நீலத் திரையில் யூஇஎஃப்ஐ (பயோஸின் புதிய வடிவம்) அமைப்புக்குப் போகும் வழி இருக்கிறது, அதால் போங்கோ. எனக்குத் தேவையான வரி 'அட்வான்ஸ்ட்' பகுதியில் இல்லை. 'செக்யூரிட்டி' என்ற தலைப்பின் கீழ், அதற்குள் இன்னொரு பட்டியலில் இருந்தது. 'எனேபிள்' ஆக்கி, எஃப்10 தட்டிச் சேமித்தேன். திரும்ப வந்தும் அதே பிழை! கணினியை முழுதாக அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்ட பிறகுதான் ஏறியது. டாஸ்க் மனேஜரில் 'பெர்ஃபோமன்ஸ்', அதில் சிபியு. அங்கே வேர்ச்சுவலைசேஷன் என்ற வரிக்குப் பக்கத்தில் 'எனேபிள்ட்' என்று வந்தால் வேலை முடிந்தது.

எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி திரையில் விரிந்தது. பேஜ்மேக்கர் நிறுவி, பாமினி எழுத்துருவைப் போட்டு, கோப்பைத் திறந்தேன். முதல் பக்கத்தில் அந்த ஐயா வேட்டி சால்வையோடு கதிரையில் இருக்கிறார். கீழே பாட்டன், பூட்டன் பெயர்கள் கிளை கிளையாக. ஒரு கோடும் விலகவில்லை.

மூன்று நாள் வேலை நடந்தது. நாலாம் நாள் காலை வந்து திறந்தால் மறுபடி அதே பிழைச் செய்தி. முந்தின இரவு மின்வெட்டு. எங்கள் யூபிஎஸ் செத்துக் கன காலம். திரையின் மூலையைப் பார்த்தால் திகதி 2015 என்று நிற்கிறது. அப்போதுதான் விளங்கியது: மதர்போட்டில் இருக்கும் காசு அளவு பற்றரி தீர்ந்துவிட்டது. நாங்கள் இரவில் கணினியை மட்டும் அணைப்போம், சுவர் சுவிட்சை அணைக்க மாட்டோம். அதனால் இவ்வளவு நாளும் சுவர் மின்சாரமே பயோஸின் ஞாபகத்தைத் தாங்கியிருக்கிறது. கரண்ட் போனதும் நான் மாற்றிய அமைப்பும் போய்விட்டது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாள்களிலேயே இந்தக் கணினியின் மணிக்கூடு பிழைக்கத் தொடங்கியது. நாங்கள் அதைத் திருத்தித் திருத்தி வைத்தோமே தவிர, காரணத்தைத் தேடவில்லை. சிஆர்2032, 3 வோல்ட். மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும். மின்வெட்டு உள்ள ஊரில் வேர்ச்சுவலைசேஷனைப் போட முதல் இந்தப் பற்றரியைப் பாருங்கோ என்று அழுத்திச் சொல்வேன்.

இன்னொன்று. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதற்கு இணையத்தைக் கொடுக்காதேங்கோ. வேர்ச்சுவல்பொக்ஸ் அமைப்பில் வலையமைப்பு அட்டையை எடுத்துவிட்டு, கோப்புகளைப் பகிர்வுக் கோப்புறையால் மாற்றுகிறேன்.

தென்மராட்சிப் பெடியன் எழுதியது:

அண்ணை, நல்ல விபரம். என்னுடையது ஏஎம்டி. அதில் வேர்ச்சுவலைசேஷன் என்று ஒரு இடத்திலும் இருக்காது, எஸ்விஎம் மோட் என்றுதான் போட்டிருக்கும். ஓவர்குளொக்கிங் பகுதிக்குள் சிபியு அமைப்புகளுக்குக் கீழே கிடந்தது. நான் ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினேன். இன்னொரு எச்சரிக்கை: மடிக்கணினியில் வன்தட்டைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால், பயோஸை மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக் கூடும். என் அக்காவின் கணினியில் கேட்டது. அவவின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் எண் இருந்ததால் தப்பினோம். முதலே எடுத்து எழுதி வைத்துக்கொண்டு பயோஸுக்குள் போங்கோ.

நெல்லியடி ரீச்சர் எழுதியது:

எனக்கு நடந்தது வேறு. வீட்டில் ஒரு பழைய பென்டியம் டூவல் கோர், இ2160. பயோஸ் முழுக்கத் தேடியும் அந்த வரியே இல்லை. கடைசியில் பார்த்தால் அந்தச் சிப்பிலேயே வசதி இல்லை. எல்லா இன்டெல் சிப்பிலும் இருக்கும் என்று நம்பி நேரத்தை வீணாக்காமல், முதலில் சிப்பின் இலக்கத்தைப் போட்டுத் தேடிப் பாருங்கோ.

என் கணவர் முன்பு வேலை செய்த கூட்டுறவுச் சங்கக்கடைக் கணக்கு ஃபொக்ஸ்புரோ என்ற பழைய தரவு நிரலில், விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்தது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை ஓட்டாது. அதற்கு டொஸ்பொக்ஸ் போதுமாக இருந்தது. அது முழு டொஸ் கணினியையும் மென்பொருளாலேயே போலச்செய்வதால் பயோஸில் ஒன்றும் மாற்றத் தேவையில்லை. கணக்கைப் பார்க்கவும் அச்செடுக்கவும் மட்டும் பாவிக்கிறோம், புதுப் பதிவு போடுவதில்லை.

அச்சுக்கூடத்தான் எழுதியது:

ரீச்சர், சிப்பின் இலக்கத்தை முதலில் பார்க்கும் யோசனை மிக நல்லது, நன்றி. தம்பி, உங்கடை எச்சரிக்கை பார்த்த பிறகு முதலாளியின் மடிக்கணினியிலும் தேடினேன், பிட்லொக்கர் போட்டுத்தான் இருக்கிறது. எண்ணை எழுதி லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

புதுப் பற்றரி போட்டு இன்றைக்குப் பத்து நாள். இடையில் இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது. திகதியும் சரி, அமைப்பும் சரி, அப்படியே நிற்கின்றன. அந்த அம்மா நேற்று படிவம் திருத்த வந்தார். பூட்டன் பெயருக்குப் பக்கத்தில் 2003இல் விடுபட்டுப் போன ஒரு தங்கச்சியின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். எக்ஸ்பியைத் திறந்து, பாமினியில் தட்டிச் சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.