வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகுகிறேன். இறக்கம் மட்டும் கைகூடவில்லை

பனங்காட்டு வாத்தியார் (கொழிஞ்சாம்பாறை):

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். உரிமம் பெற்று விமானி ஆகவேண்டும் என்ற ஆசை இந்த நாற்பத்தாறு வயதில் எனக்கு இல்லை. ஆனாலும் எதைக் கற்றாலும் அதை முறையாகக் கற்கவேண்டும் என்ற பிடிவாதம் உண்டு. எட்டு மாதங்களுக்கு முன்பு எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டும்) மென்பொருளையும், முறுக்கினால் ரடர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு) அசையும் ஜாய்ஸ்டிக் ஒன்றையும் வாங்கினேன். கோவை விமான நிலையத்தின் 23-ஆம் எண் ஓடுபாதையிலிருந்து செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எழுப்பி, மதுக்கரை, வாளையார் வழியாகப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து, மலம்புழை அணையின் மேல் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்புவேன். இதுவரை எந்தக் குறையும் இல்லை.

சிக்கல் இறக்கத்தில்தான் இருக்கிறது. ஓடுபாதைக்கு நேராக வந்த பிறகு உயரமானி 1,900 அடி காட்டும்போது (நிலையமே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,320 அடி உயரத்தில் இருப்பதால், தரைக்கு மேல் அது அறுநூறு அடிக்கும் குறைவு) உயரம் கூடுதலாகத் தோன்றுகிறது, மூக்கைத் தாழ்த்துகிறேன், வேகம் 80, 85 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) என்று ஏறுகிறது, பதறிப்போய் எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து மூக்கைத் தூக்குகிறேன், செங்குத்து வேகமானியின் முள் மேலும் கீழும் துள்ளுகிறது, கடைசியில் ஓடுபாதையின் பாதித் தூரம் வரை மிதந்து சென்று, பந்து போல ஒருமுறை எகிறி, தொப்பென்று விழுகிறது. பத்து முறை இறக்கினால் பத்தும் வெவ்வேறு விதமாக அமைகின்றன. ஒருமுறை நன்றாக அமைந்தாலும் அது ஏன் நன்றாக அமைந்தது என்று எனக்கே தெரிவதில்லை என்பதுதான் ஆசிரியனாகிய என்னை மிகவும் உறுத்துகிறது. உண்மையான பயிற்சிப் பள்ளியில் எந்த வரிசையில் கற்பிப்பார்களோ, அந்த வரிசையில் வீட்டிலிருந்தே கற்க வழி உண்டா?

வலது இருக்கை (ஆனைமலை):

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மாணவரை இடப்பக்கம் உட்கார வைத்து வலப்பக்க இருக்கையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்பதால் இந்தப் புனைபெயர். உங்கள் விவரிப்பில் நோய் முழுவதும் தெரிகிறது, ஆனால் அது இறக்கத்தில் தொடங்கிய நோயன்று. நேராகவும் மட்டமாகவும் பறக்கும்போதே தொடங்கிவிட்டது. அங்கே அது வெளியில் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், மலம்புழைக்குப் போகும் வழியில் ஐம்பது அடி ஏறினாலும் இறங்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை என்பதுதான்.

முதலில் ஒரு சிறு கதை. அமெரிக்காவின் எட்வின் லிங்க் 1929-இல் செய்த பயிற்சிப் பெட்டிதான் இன்றைய சிமுலேட்டர்களுக்கெல்லாம் முன்னோடி. அவருடைய குடும்பத் தொழில் ஆர்கன் இசைக்கருவி செய்வது. நம் ஆர்மோனியத்தில் இருப்பதைப் போன்ற துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டே அந்தப் பெட்டியை அசைய வைத்தார். அதைப் பொழுதுபோக்குப் பொருளாகப் பார்த்த அமெரிக்க ராணுவம், 1934-இல் மோசமான வானிலையில் அஞ்சல் பைகளைச் சுமந்து சென்ற தன் விமானிகள் பலர் இறந்த பிறகே அவற்றில் ஆறினை வாங்கியது. அதாவது, வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழக்குவதற்கே சிமுலேட்டர் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் அதன் பலம் அங்கேதான் இருக்கிறது. புதிய மாணவருக்கு வேண்டியதோ நேர் எதிரானது: பத்தில் ஒன்பது பங்கு நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்ப்பது. வீட்டுத் திரையில் கருவிகள் மட்டும் தெளிவாகவும் வெளியுலகம் சிறு சன்னலாகவும் இருப்பதால், யாரும் சொல்லாமலே கண் முட்களின் மேல் குடியேறிவிடுகிறது. அந்த முட்களில் செங்குத்து வேகமானி சற்றுத் தாமதமாகவே உண்மையைச் சொல்லும். நீங்கள் அதை விரட்டுகிறீர்கள். அது நேற்றைய செய்தித்தாளைப் படித்து இன்றைக்கு முடிவெடுப்பதைப் போன்றது.

ஆகவே இரண்டு வாரங்களுக்கு இறக்கத்தை மறந்துவிடுங்கள். காற்றே இல்லாத வானிலையை அமைத்து, 3,500 அடிக்கு ஏறி, எஞ்சினை நிமிடத்துக்கு 2,300 சுற்றில் நிறுத்துங்கள். தொடுவானம் எஞ்சின் மூடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று மட்டும் பார்த்து, மூக்கை அந்த இடத்திலேயே பிடியுங்கள். பிறகு டிரிம் செய்யுங்கள். உண்மையான விமானத்தில் யோக் (விமானியின் கைப்பிடிச் சக்கரம்) கையைத் தள்ளும் விசை மறையும்வரை டிரிம் சக்கரத்தை உருட்டுவோம். உங்கள் ஜாய்ஸ்டிக்கின் வில் எப்போதும் நடுவுக்கே இழுப்பதால் அந்த உணர்வு உங்களுக்குக் கிடைக்காது. எனவே ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடியே டிரிம்மைச் சிறிது சிறிதாக மாற்றி, அதே அளவுக்கு ஜாய்ஸ்டிக்கை நடுவுக்குத் திரும்ப விடுங்கள். கையை முழுவதும் எடுத்த பிறகு ஒரு நிமிடம் மூக்கு அசையாமல் நின்றால் அது டிரிம். இப்போது வேறெதையும் தொடாமல் த்ராட்டிலை 1,800-க்குக் குறையுங்கள். விமானம் வேகத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்குவதைக் காண்பீர்கள். டிரிம் வேகத்தைத் தீர்மானிக்கிறது, த்ராட்டில் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கிறது என்பதை இயற்பியல் ஆசிரியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் இறக்கத்தில் நீங்கள் செய்தது இதற்குத் தலைகீழ்: உயரத்தை மூக்கால் திருத்தப் போனீர்கள், வேகம் கெட்டது, வேகத்தைத் த்ராட்டிலால் திருத்தப் போனீர்கள், உயரம் கெட்டது.

இது கைவந்த பிறகு சர்க்யூட்டுக்கு (ஓடுபாதையைச் சுற்றிவந்து இறங்கும் பாதைக்கு) வாருங்கள். தரைக்கு மேல் ஆயிரம் அடி, அதாவது கோவையில் உயரமானி ஏறக்குறைய 2,300 அடி காட்டும் உயரத்தில், ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, அதன் முனை இடத் தோளுக்கு நேராக வரும்போது 1,500 சுற்றும் 10 பாகை ஃபிளாப்பும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடு) வையுங்கள். முனை தோளுக்குப் பின்னால் 45 பாகையில் தெரியும்போது திரும்புங்கள். அடுத்த பக்கத்தில் 20 பாகை, கடைசி நேர்கோட்டில் 30 பாகை ஃபிளாப், 65 நாட். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மறக்காமல் டிரிம். நேர்கோட்டுக்கு வந்ததும் தரையில் எழுதியுள்ள 23 என்ற எண்ணைப் பாருங்கள். அது கண்ணாடியில் மேல்நோக்கி நகர்ந்தால் நீங்கள் அதை எட்டாமலே விழப்போகிறீர்கள். கீழ்நோக்கி நகர்ந்தால் தாண்டப்போகிறீர்கள். ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் அங்கேதான் போகிறீர்கள். த்ராட்டிலால் அதை அங்கே நிறுத்துவதுதான் உங்கள் முழு வேலை.

ஓர் எச்சரிக்கை. நேர்கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் விமானத்தை மிக அதிகமாகச் சாய்த்துத் திரும்பிப் பிடிக்கும் பழக்கம் சிமுலேட்டர்காரர்களிடம் நிறைய உண்டு. ஃபிளாப் இல்லாமல் 48 நாட்டில் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் விசையை இழக்கும்) 172, உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பும்போது ஏறக்குறைய 57 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். 60 பாகையில் 68. தாண்டிவிட்டால் ஏறிச் சென்று மறுபடி வாருங்கள். திரையில் விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தி எழுந்துவிடலாம் என்பதற்காகக் கை அதைக் கற்றுக்கொள்ளக் கூடாது.

கணவாய்க் காற்று (கோபாலபுரம்):

வாத்தியாரே, உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். மேலே பெரியவர் சொன்னதற்குப் பிறகு எனக்குச் சொல்ல மிச்சம் இருப்பவை கருவி பற்றியும் காற்று பற்றியும்தான்.

ஜாய்ஸ்டிக்கின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், நடுப்பகுதியில் கை அசைவுக்கு விமானம் மெதுவாகப் பதிலளிக்கும்படி வளைகோட்டை மாற்றுங்கள். வாங்கியபடியே விட்டால் கை நடுக்கமெல்லாம் மூக்கின் நடுக்கமாகிவிடும். ஜாய்ஸ்டிக்கின் தலையில் உள்ள சிறு பொத்தானில் இடப்பக்கப் பார்வையையும் இடப்பின் பார்வையையும் வைத்துக்கொள்ளாவிட்டால், தோளுக்குப் பின்னால் 45 பாகையில் இருக்கும் ஓடுபாதையை நீங்கள் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. பணம் செலவழிப்பதாக இருந்தால் யோக்கை விட முதலில் கால் பெடல்களை வாங்குங்கள் என்பது என் கருத்து. முழு விசையில் ஏறும்போது 172-இன் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலக்காலால் அதை நிறுத்தும் பழக்கம் கால் பெடல் இருந்தால்தான் வரும். அதற்கு முன்பாகத் தானியங்கி ரடர் உதவி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

காற்றைப் பற்றி நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆடியில் உங்கள் ஊர்ப் பனைகள் போடும் சத்தம் எங்கள் தோப்பு வரை கேட்கும். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் சுவராக நிற்க, இடையிலுள்ள ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வாசலில் மேற்குக் காற்று நெருக்கியடித்துக்கொண்டு புகுகிறது. சிமுலேட்டரில் இணையத்திலிருந்து உண்மை வானிலையை இறக்கிக்கொள்ளும் வசதியை நீங்கள் தென்மேற்குப் பருவத்தில் இயக்கியிருந்தால், பத்து இறக்கமும் பத்து விதமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 260 பாகையிலிருந்து 20 நாட் காற்று வீசுகிறது என்று வையுங்கள். 23-ஆம் ஓடுபாதையின் திசை 230. கோண வேறுபாடு 30 பாகை. சைன் 30 என்பது அரை. ஆகவே வலப்பக்கத்திலிருந்து 10 நாட் பக்கக்காற்று, முகத்துக்கு நேரே 17 நாட் எதிர்க்காற்று. 172-இன் கையேட்டில் செய்துகாட்டப்பட்ட பக்கக்காற்று 15 நாட்தான். காற்றை முதலில் சுழியில் வைத்து, பிறகு ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள்.

சித்திரை வெயிலையும் ஒருநாள் அமைத்துப் பாருங்கள். 35 பாகை செல்சியஸில் கோவையின் காற்று, அடர்த்தியில், ஏறக்குறைய 4,000 அடி உயரத்துக் காற்றுக்குச் சமமாகிவிடுகிறது. முள் தரையிலிருந்து எழும்பும் வேகமான அதே 55 நாட்டைக் காட்டும்போதும் சக்கரம் அதிக வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும். எழும்ப அதிகத் தூரம் எடுக்கும்.

களியக்காவிளைப் பையன்:

ஐயா, நான் சிமுலேட்டரில் நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டு, சென்ற ஆண்டு ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவன். பள்ளியின் பெயர் வேண்டாம். முதல் வகுப்பில், விமானம் தரையில் உருண்டுகொண்டிருக்கும்போதே பயிற்றுநர் என் பக்கம் திரும்பாமல், "நீ கணினியில் ஓட்டினவனா?" என்று கேட்டார். வளைவு வந்ததும் நான் காரின் ஸ்டியரிங்கைப் போல யோக்கைத் திருப்பியிருந்தேன். தரையில் அது எதையும் திருப்பாது, காலால்தான் திருப்பவேண்டும். மேலே போனதும் அவர் தம் சட்டைப்பையிலிருந்து ஒட்டுத்தாள் எடுத்து வேகமானியையும் உயரமானியையும் மூடிவிட்டார். பதினைந்து நிமிடம் எனக்கு வியர்த்துக்கொட்டியது.

ஆனால் சிமுலேட்டரால் பயன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சோதனைப் பட்டியலை வாய்விட்டுச் சொல்லி ஒவ்வொன்றையும் கையால் தொடுவது, 1,800 சுற்றில் மேக்னட்டோக்களை (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவிகளை) ஒவ்வொன்றாகச் சோதிப்பது, கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசுவது ஆகியவற்றில் நான் மற்றவர்களை விட முன்னால் இருந்தேன். கருவிகளை வைத்துப் பறக்கும் பாடம் தொடங்கியபோது இன்னும் முன்னால் போனேன். வராதது உடம்பின் பாடம்தான்: வழுக்கித் திரும்பும்போது இடுப்பு ஒருபக்கம் சரிவது, ஸ்டாலுக்கு முன் யோக் தளர்ந்துபோவது. இவற்றை நாற்காலி கற்பிக்காது.

இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு செய்தி: டிஜிசிஏ (இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) வணிக விமானி உரிமத்துக்குக் கேட்கும் 200 மணி நேரத்தில், வீட்டுக் கணினியில் ஓட்டியது ஒரு நிமிடமும் சேராது. வகுப்புக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும் இடத்தில், திருத்தவேண்டிய பழக்கங்களுடன் போய் நிற்காமல் இருந்தாலே பெரிய மிச்சம்.

பனங்காட்டு வாத்தியார் (கொழிஞ்சாம்பாறை):

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

தம்பி சொன்ன ஒட்டுத்தாள் வைத்தியத்தை நானும் செய்தேன். போன ஆண்டின் தினசரி நாட்காட்டி அட்டையை வெட்டி, திரையின் கீழ்ப்பாதியில் கருவிகள் தெரியாதபடி என் மகள் ஒட்டிவிட்டாள். எஞ்சின் சத்தமும் தொடுவானமும் மட்டுமே மிஞ்சின. முதல் நாள் அட்டையை எடுத்துப் பார்த்தபோது 3,500 அடியில் இருப்பதாக நான் நினைத்த விமானம் 4,200-இல் இருந்தது. ஐந்தாம் நாள் பிழை நூறு அடிக்குள் வந்துவிட்டது. டிரிம்மைப் பொறுத்தவரை, எட்டு மாதங்களாக விமானத்துடன் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

நேற்று காற்றில்லாமல் பத்து இறக்கங்கள் செய்தேன். 65 நாட்டில் வந்த ஏழும் எண்ணைத் தாண்டிச் சற்றுத் தொலைவிலேயே தரை தொட்டன. கெட்டுப்போன மூன்றிலும் வேகம் 70-க்கு மேல் இருந்தது, ஆகவே காரணம் தெரிகிறது. எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்றுதான்: தரைக்கு மிக அருகில் வந்ததும் எந்த உயரத்தில் மூக்கைத் தூக்கத் தொடங்கவேண்டும் என்பது தெரியவில்லை. திரையில் ஐம்பது அடியும் பத்து அடியும் ஒன்றாகவே தோன்றுகின்றன.

வலது இருக்கை (ஆனைமலை):

ஐயா, அது உங்கள் குறையன்று. அந்தக் கடைசி உயரத்தை நாங்கள் கடைக்கண்ணால்தான் அறிகிறோம்; ஒற்றைத் திரையில் கடைக்கண்ணுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இந்த ஓர் இடத்தில் சிமுலேட்டர் உண்மையான விமானத்தை விடக் கடினம்.

எண்ணைப் பார்ப்பதை முனையைக் கடக்கும்போதே விட்டுவிட்டு, ஓடுபாதையின் மறுகோடிக்குப் பார்வையை மாற்றுங்கள். இரு ஓரக் கோடுகளும் திடீரென்று இருபுறமும் விரிந்து விலகுவதைப் போலத் தோன்றும் கணம் ஒன்று வரும். அப்போது த்ராட்டிலை முழுவதும் மூடிவிட்டு, மறுகோடி எஞ்சின் மூடிக்குப் பின்னால் மறையும்வரை ஜாய்ஸ்டிக்கைச் சிறுகச் சிறுகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருங்கள். தரையில் வைக்க முயலாதீர்கள், அது தானாகவே உட்காரட்டும். இன்னொன்று, திரையில் தெரியும் பார்வைக் கோணத்தை ஒவ்வொரு நாளும் மாற்றாமல் ஒரே அளவில் வையுங்கள். கோணம் மாறினால் விரியும் கணமும் மாறிவிடும்.