புதுப்பிப்பு: அலுவலக ஜன்னல் கசிவுச் சோதனையின் முடிவு

காற்றுடன் மழை பெய்யும்போது அலுவலகக் கட்டட ஜன்னல்களின் கீழ்மூலையில் நீர் கசிவதாக முன்பு எழுதியிருந்தேன். பலர் பரிந்துரைத்த ஏ.எஸ்.டி.எம். இ 1105 சோதனை (பொருத்திய ஜன்னலில் காற்றழுத்த வேறுபாட்டோடு நீர் புகுகிறதா என்று அங்கேயே பார்க்கும் தர முறை) இப்போது முடிந்துவிட்டது. வெளியே தெளிப்புச் சட்டத்தால் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3.4 லிட்டர் வீதம் நீர் தெளித்து, உட்புறம் ஜன்னலைச் சுற்றிக் காற்றுப் புகாத தற்காலிக அறை அமைத்து, அதிலிருந்து காற்றை உறிஞ்சி உள்ளே அழுத்தத்தைக் குறைத்தபோதுதான் கசிவு வெளிப்பட்டது. அழுத்த வேறுபாடு இல்லாமல் நனைத்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. ஆகவே வெறும் குழாய்நீரைப் பீய்ச்சிப் பார்த்துவிட்டு ஜன்னலை ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

பிறகு மற்ற இணைப்புகளை நாடாவால் மறைத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக நனைத்ததில், சட்டகத்தின் மூலை இணைப்பில் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) விட்டுப்போயிருப்பது தெரிந்தது. வெளிப்புறம் முழுவதும் சிலிகோன் சீலன்ட் பூசும் யோசனையை ஏற்கவில்லை. அதனால் சட்டகத்து நீரை வெளியேற்றும் வடிகால் துளைகள் அடைபட்டால், சட்டகத்துக்குள் இறங்கும் நீர் உள்ளேதான் வழியும். மூலையைச் சரிசெய்த பின் அதே அழுத்தத்தில் மறுசோதனை நடக்கும்.