காசிமேடு படங்களைத் தேர்ந்தெடுக்க உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் விடியும் முன்பே காசிமேடு துறைமுகத்துக்குப் போய்விடுவேன். ஈர நோட்டுகளை எண்ணும் பாட்டி, அவர் விரல்களில் ஒட்டிய செதில்... மனசுக்குப் பிடித்த வேலை அதுதான்.

படங்கள் குவிந்துவிட்டன. தனித்தனியாக நன்றாக இருக்கின்றன. வரிசையாக வைத்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கண்காட்சி வைக்க ஆசை. எதை வைக்கலாம், எதை விடலாம் என்று கூட உட்கார்ந்து தயங்காமல் சொல்லக்கூடிய மூத்த புகைப்படக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும். விட்டுப்போனதை அதற்குள் எடுத்தாக வேண்டும்.

அப்புறம், கறுப்பு வெள்ளையில் நன்றாகப் பிரிண்ட் போடும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். வடசென்னைப் பக்கம் என்றால் இன்னும் நல்லது.